சாட்சிக்குத் தகுதியற்றவர் எழுதிய வரலாறு: ஷியாவ் ஸிஷியன் பற்றி

மகன் தன் தந்தைக்குச் சாதகமாகச் சொல்லும் சாட்சியத்தை நமது ஷாபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. பேரன் பாட்டனுக்காகச் சொன்னாலும் அதே நிலைதான். பகைவன் தன் பகைவனுக்கு எதிராகச் சொல்வதும் தள்ளப்படும். இவர்கள் பொய்தான் சொல்வார்கள் என்பதல்ல இதன் பொருள். மனம் சாய்வதற்கு அங்கே இடமிருக்கிறது, அந்தச் சந்தேகமே போதுமானது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தராதரத்தை ஒவ்வொருவராக எடுத்து நிறுத்துப் பார்த்த ஒரு மரபில் வந்த நமக்கு இது புதிய செய்தியல்ல.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு ஆறாம் நூற்றாண்டுச் சீனாவின் ஒரு வரலாற்றாசிரியரிடம் போனால், அவரை வாசற்படியிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். ஷியாவ் ஸிஷியன் என்பது அவர் பெயர். ஷியாவ் என்பது குடும்பப் பெயர்; சீனத்தில் அதுவே முன்னால் வரும். அவர் எழுதியது தென் ச்சி வம்சத்தின் வரலாறு. அந்த வம்சத்தை நிறுவியவர் அவரது பாட்டன். அதன் புகழ்பெற்ற இளவரசர்களில் ஒருவர் அவரது தந்தை. அதன் ஐந்தாவது பேரரசர் அவரது குடும்பத்தைக் கொன்று குவித்தவர். நூலை அவர் சமர்ப்பித்ததோ அந்த வம்சத்தை ஒழித்து அரியணை ஏறிய இன்னொரு பேரரசரிடம். அவரும் ஷியாவ் குலத்தவரே. பாட்டனுக்காகவும் தந்தைக்காகவும் பேசுகிறார். பகைவனுக்கு எதிராகப் பேசுகிறார். அதுவும் எசமான் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசுகிறார். சாட்சியைத் தள்ளுவதற்கு இதைவிடக் காரணங்கள் வேண்டுமா?

ஆயினும் சீனர்கள் அவரைத் தள்ளவில்லை. அவர்கள் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட இருபத்து நான்கு வம்ச வரலாறுகளுள் இதுவும் ஒன்று. அவர்கள் செய்தது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சீன மொழி அறியாத நான், ஆய்வாளர்கள் பெயர்த்தும் விளக்கியும் தந்தவற்றின் வழியாகவே இந்நூலை அணுகுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எனவே நடையழகு பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பதினொராம் நூற்றாண்டில் ஸெங் குங் என்ற அறிஞர் அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: அலங்காரமும் செதுக்கலும் மிகுந்துபோய் எழுத்துத் தாழ்ந்துவிட்டது என்பது அவர் முறைப்பாடு.

காலத்தை ஒருமுறை சுருக்கமாகப் பார்த்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு அக்காலச் சீனமென்றால் நினைவுக்கு வருபவர் பாஹியான். அவர் இலங்கையில் இரண்டாண்டுகள் தங்கி, கடல்வழியே நாடு திரும்பி, ஜியன்காங் நகரில் அமர்ந்து தாம் கொண்டுபோன நூல்களை மொழிபெயர்த்தார். அது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அதே ஜியன்காங்தான், இன்றைய நாஞ்ஜிங், நமது கதையின் களமும். சீனம் அப்போது இரண்டாகப் பிளந்திருந்தது. வடக்கே வேற்றினத்தவர் ஆட்சி. தெற்கே ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிய வம்சங்கள். 479இல் ஷியாவ் தாவ்செங் என்ற தளபதி, லியூ குடும்பத்தின் கடைசிச் சிறுவப் பேரரசரை இறக்கிவிட்டு ச்சி வம்சத்தைத் தொடங்கினார். 502இல் அது முடிந்துவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஏழு பேரரசர்கள். அதன்பின் ஷியாவ் யானின் லியாங் வம்சம். ஸிஷியன் பிறந்தது ஏறத்தாழ 489இல், ச்சி இளவரசரின் எட்டாவது மகனாக. இறந்தது 537இல், லியாங் அதிகாரியாக.

இனி நூலுக்குள் போவோம். அறுபது சுருள்களாக எழுதப்பட்டு ஐம்பத்தொன்பது எஞ்சியிருக்கும் இந்த வரலாற்றில் பேரரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் எட்டு, சடங்கு, இசை, வானியல், மாகாணங்கள், பதவிகள் போன்ற துறைசார் பகுதிகள் பதினொன்று, வாழ்க்கை வரலாறுகள் நாற்பது. கணித மேதை ஸு சோங்சி பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் முக்கியமானவை இதில்தான் இருக்கின்றன. இன்றைய கம்போடியா, தென் வியட்நாம் பகுதியிலிருந்த பூனான் அரசிலிருந்து 484இல் நாகசேனர் என்ற இந்தியத் துறவி தூதராக வந்ததும் இதில்தான் பதிவாகியுள்ளது. இவையெல்லாம் தனிக் கட்டுரைக்குரியவை. நான் இங்கே மூன்று அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இருபத்திரண்டு, ஆறு, நாற்பது.

இருபத்திரண்டாவது அத்தியாயம் தந்தையைப் பற்றியது. யூசாங் இளவரசர் எனப்பட்ட ஷியாவ் நி, நிறுவனப் பேரரசரின் இரண்டாவது மகன். 492இல் இறந்தார். அப்போது ஸிஷியன் நான்கு வயதுக் குழந்தை. தந்தையின் முகம்கூட நினைவில் தங்கியிருக்குமோ தெரியாது. தாவ்செங்கின் மற்ற மகன்மார் எல்லாரையும் ஒரே கட்டாக முப்பத்தைந்தாவது அத்தியாயத்தில் அடைத்த ஸிஷியன், தந்தைக்கு மட்டும் தனி அத்தியாயம் ஒதுக்கி, அதை முடிக்குரிய இளவரசரின் அத்தியாயத்துக்கு அடுத்தபடியாக, மந்திரிகள் தளபதிகள் அனைவருக்கும் முன்னால் வைத்தார். கட்டளைகளும் கடிதங்களும் முழுமுழுதாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இறந்தவருக்குக் கல்வெட்டு எழுதித் தரும்படி ஷென் யுவேயிடம் கேட்ட கடிதங்கூட இருக்கிறது. கடைசியில் வரலாற்றாசிரியரின் மதிப்புரை: சீனர்கள் இலட்சிய அமைச்சராகக் கொண்டாடும் சௌ கோமகனுக்குப் பின் இவருக்கு இணையானவரைக் காணோம் என்ற பொருளில் முடிகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்!

பதினெட்டாம் நூற்றாண்டின் கடுமையான வரலாற்று விமர்சகரான சாவ் யீ இந்த நூலின் சாய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. தந்தை நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் குறையே இல்லாத ஒரு மனிதரின் வாழ்க்கை வாசகனை ஈர்ப்பதில்லை. இந்த அத்தியாயத்தில் வாப்பாவைக் காணாத ஒரு பிள்ளை, ஆவணங்களைக் கொண்டு அவருக்கு ஒரு உருவம் கட்டுகிறது என்று நான் வாசிக்கிறேன். அந்த வகையில் அது உருக்கமானது. சாட்சியம் என்ற வகையில் ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பே சரி.

ஆறாவது அத்தியாயத்துக்கு வந்தால் காற்று மாறுகிறது.

அது பேரரசர் மிங் என்று பின்னர் பெயரிடப்பட்ட ஷியாவ் லுவானின் ஆட்சி பற்றியது. லுவான், தாவ்செங்கின் அண்ணன் மகன். சிறு வயதில் தந்தையை இழந்தவரைத் தாவ்செங் தன் சொந்தப் பிள்ளைகளைவிட மேலாக வளர்த்தார் என்பதை ஸிஷியனே எழுதுகிறார். நம் வழக்கில் சொன்னால் ஸிஷியனுக்கு அவர் சாச்சா முறை. 494இல் ஒரே ஆண்டில் இரண்டு இளம் பேரரசர்களை இறக்கிவிட்டு அரியணை ஏறினார்; இருவரையும் கொன்றார். தன் பிள்ளைகள் சிறியவர்கள், வளர்த்தவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் என்ற அச்சம் அவரை விடவில்லை. தவணை தவணையாகக் கொன்றார். 498 முதல் மாதத்தில் ஒரே முறையில் பத்து இளவரசர்கள் போனார்கள்.

இந்த மனிதரைப் பற்றி, அவரது ஆட்சி ஒழிந்தபின், அவரைத் திட்டினால் மகிழக்கூடிய அரசவையில் இருந்துகொண்டு எழுதும் ஒருவர் என்ன எழுதுவார்? ஸிஷியன் எழுதியது இது: நிர்வாகத்தில் கூரிய அறிவுள்ளவர், சட்டத்தை யாருக்காகவும் வளைக்காதவர், நெருங்கியவர்களையும் அடக்கி வைத்தவர், சிக்கனக்காரர், தனக்கு முந்திய பேரரசர் அமைத்த பூங்காவைக் கலைத்து நிலத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர். பிறகு நோய். நோயை மறைத்தார். அரச அலுவலகங்களின் பழைய ஏடுகளை அரிக்கும் வெள்ளிப் பூச்சிகளை மருந்துக்காகப் பிடித்துவரச் சொல்லிக் கட்டளை போன பின்புதான் வெளியே உண்மை தெரிந்ததாம். தீங்கை விரட்டச் சிவப்பு ஆடை அணிந்தார், அணிகலன் எல்லாம் சிவப்பு. கொன்றவரின் கடைசி நாட்களைப் பற்றி எழுதும்போதுகூடக் கெக்கலிப்பு இல்லை. பூச்சியைத் தேடும் அதிகாரிகளை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பகைவன் பகைவனுக்கு எதிராகச் சொல்லும் சாட்சியம் தள்ளப்படும் என்பது விதி. பகைவன் பகைவனுக்குச் சாதகமாகச் சொன்னால்? அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. லுவானின் நிர்வாகத் திறமை பற்றி ஸிஷியன் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன், அவர் தந்தையைப் பற்றிச் சொல்லும் எதையும்விட.

நாற்பதாவது அத்தியாயம்தான் நூலின் உயிர். பெயரளவில் அது ஸிஷியனின் பெரிய வாப்பா முறையான இரண்டாம் பேரரசர் ஷியாவ் ஸேயின் மகன்மார் பற்றியது. பெரும்பாலும் அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்பது பற்றியது. இளவரசர்களைக் கொல்லும் ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் லுவான் ஊதுபத்தி கொளுத்தி விம்மி அழுவார், அழுகைச் சத்தம் கேட்டால் அன்றிரவு கொலை நடக்கும் என்று எல்லோரும் அறிந்துகொள்வார்கள் என்ற குறிப்பு இங்கேதான் வருகிறது. ஆறாவது அத்தியாயத்தில் திறமையான நிர்வாகி. இங்கே பத்தி கொளுத்தி அழும் கொலைகாரர். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்காமல் வெவ்வேறு இடங்களில் வைப்பது சீன வரலாற்றாசிரியர்களின் பழைய உத்தி. ஒன்றில் மூடுவதை மற்றொன்றில் திறந்துவிடுவார்கள். முழு நூலையும் படிப்பவனுக்கே முழு மனிதனும் கிடைப்பான்.

அதே அத்தியாயத்தில், அண்ணன் மகன் முறையான ஷியாவ் சாவ்சௌ என்ற இளவரசரின் வாழ்க்கைக் குறிப்புக்குள், ஓர் இரவு பதிந்து கிடக்கிறது.

498ஆம் ஆண்டு. வாங் ஜிங்ஸே என்ற முதிய தளபதி கிளர்ச்சி செய்கிறார். இந்த ஜிங்ஸேயை வாசகர் ஏற்கெனவே இருபத்தாறாவது அத்தியாயத்தில் சந்தித்திருப்பார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர், வெளியே வரமாட்டேன் என்று ஒளிந்துகொண்ட லியூ குடும்பத்துச் சிறுவப் பேரரசரைப் பல்லக்குடன் போய் நயமாகப் பேசி வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். எனக்கு ஒன்றும் நேராமல் பார்த்துக்கொண்டால் பணம் தருவேன் என்று அவர் கையைத் தட்டிச் சொன்னது அந்தப் பிள்ளை. அவ்வாறு பாட்டனுக்கு அரியணை வாங்கிக் கொடுத்த அதே மனிதர் இப்போது பேரப்பிள்ளைகளின் உயிருக்கு உலை வைக்கிறார். கிளர்ச்சிக்கு அவர் பயன்படுத்திய பெயர் ஸிகே. ஊ பிரதேசத்தின் ஆளுநராயிருந்த ஷியாவ் ஸிகே, நமது ஆசிரியரின் கூடப்பிறந்த அண்ணன். ஸிகேக்கு இதில் சம்பந்தமில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பது தலைநகரில் யாருக்கும் தெரியவில்லை.

லுவான் இளவரசர்கள் அனைவரையும் அரண்மனைக்குள் அழைக்கிறார். தாவ்செங்கின் பேரர்களும் ஸேயின் பேரர்களும் மேற்கு அலுவலகத்தில் தங்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பணியாளர் மட்டும், மிஞ்சினால் இராணுவச் சட்டம் பாயும். கைக்குழந்தைகளோடு பால் கொடுக்கும் தாதிகள் வரலாம். அன்றிரவு அரண்மனை வைத்தியர்கள் மருந்து காய்ச்சுகிறார்கள். இன்னொரு திணைக்களம் பல பத்துச் சவப்பெட்டிகளைத் தயார் செய்கிறது. மூன்றாம் சாமத்தில் அனைவரையும் முடித்துவிட வேண்டும்.

இரண்டாம் சாமத்தில் ஸிகே ஓடோடி வந்து நகர வாயிலை அடைந்து தன் வரவை எழுதி உள்ளே அனுப்புகிறார். குறித்த நேரம் வந்துவிட்டது. பேரரசர் தூங்கிக்கொண்டிருக்கிறார். செயலாளர் ஷென் ஹுய்பூவும் பேரரசரின் நெருங்கிய பணியாளர் ஷான் ஜிங்ஜுனும் தமக்குள் பேசிக்கொண்டு, சற்றுப் பொறுக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பேரரசர் விழிக்கிறார். ஸிகே வந்துவிட்டார் என்கிறார்கள். இன்னும் முடியவில்லையா என்று அவர் திடுக்கிட்டுக் கேட்கிறார். நடந்ததைச் சொல்கிறார்கள். மறுநாள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இவ்வளவுதான். சீன மூலத்தில் இது சில வரிகளே. இப்படியான ஓர் இரவு எத்தகையது என்று நம் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாவ்செங்கின் பேரர்கள் அனைவரும் அழைக்கப்பட்டார்கள் என்று எழுதுபவர் தாவ்செங்கின் பேரர். அப்போது அவருக்குப் பத்துப் பதினொரு வயது. ஓடிவந்தவர் அவரது சொந்த அண்ணன். அந்தக் கட்டளை அவரையும் உள்ளடக்கியது. ஆனால் அந்த வரிகளில் 'நான்' இல்லை, அவர் பெயரில்லை, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பயமில்லை. சவப்பெட்டிகளின் தொகை இருக்கிறது, யாருக்கு எத்தனை பணியாளர் என்ற விதி இருக்கிறது, தாதிமார் இருக்கிறார்கள். கொல்லச் சொன்னவருக்கு எதிராக ஒரு பெயரடைகூட இல்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து, 659இல் நிறைவுற்ற 'தென் வம்சங்களின் வரலாறு' இதே இரவை மீண்டும் சொல்லும்போது, காய்ச்சியது மிளகு என்றும், ஸிகே வெறுங்காலுடன் ஓடிவந்தார் என்றும், அறுபதுக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர் என்றும் கூட்டுகிறது. அது கதையாக இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஸிஷியனின் வரட்சியான வடிவமே போதும். அங்கே இருந்திருக்க வேண்டியவர், அங்கே இல்லாதவர்போல எழுதியிருப்பதுதான் அதன் பாரம்.

அந்த வரிகளில் அவர் இரண்டு சிறு உத்தியோகத்தரின் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஹுய்பூவும் ஜிங்ஜுனும் செய்தது ஒன்றுமில்லை. எழுப்பாமல் இருந்தார்கள், அவ்வளவே. நன்றி என்ற சொல்லை ஸிஷியன் எழுதவில்லை. பெயர்களை எழுதினார்.

இங்கே நம் மரபிலிருந்து ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். கிதாபுல் அஃகானியின் ஆசிரியர் அபுல் பரஜ் அல் இஸ்பஹானி உமையா வம்சத்தில் வந்தவர். அந்த வம்சத்தவரை அப்பாஸியர் 750இல் வேட்டையாடியது நாமறிந்தது. ஆனால் அபுல் பரஜ் எழுதிய கொலைப் பட்டியல் தன் குலத்துக்கானதல்ல. 'மகாதிலுத் தாலிபிய்யீன்' என்ற அந்நூல் அலி (ரழி) அவர்களின் குடும்பத்தாரும் உறவினரும் கொல்லப்பட்ட வரலாறு. கொன்றவர்களில் அவரது முன்னோரும் அடக்கம். தன் குலத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர். ஸிஷியன் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஏனென்றால் பாட்டனின் கை சுத்தமில்லை என்பதை அவர் மறைத்தார். 479இல் இறக்கப்பட்ட அந்தச் சிறுவப் பேரரசர் சில வாரங்களில் இறந்தார். ஸிஷியனின் ஆண்டுக் குறிப்பு, ஓர் இளவரசர் காலமானார் என்ற மரியாதைச் சொல்லோடு அதைக் கடந்துவிடுகிறது. காவல் நின்றவர்கள் கொன்றுவிட்டு நோய் என்று அறிவித்தார்கள் என்பதைப் பிற்கால வரலாறுகளில்தான் படிக்கிறோம். இனிப் பிறவிதோறும் அரச குடும்பத்தில் பிறக்காதிருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அழுததும் பிற்கால நூல்களில்தான் வருகிறது. கையைத் தட்டிப் பணம் தருவதாகச் சொன்ன காட்சியோடு ஸிஷியன் நிறுத்திக்கொண்டார். தன் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகக் காய்ச்சிய மருந்தைப் பதிந்தவர், தன் குடும்பம் கொன்ற பிள்ளைக்கு இரண்டு சொல் கொடுக்கவில்லை. இந்நூலின் மிகப் பெரிய குறை இதுதான். தந்தையைப் புகழ்ந்தது மன்னிக்கக்கூடியது, இது அவ்வாறல்ல.

எசமான் விடயத்தில் அவர் செய்தது இன்னும் சிக்கலானது. 490இல் ஸேயின் மகனான பாதுங் இளவரசர் குற்றஞ்சாட்டப்பட்டு, படை அனுப்பப்பட்டு, கொல்லப்பட்டார். படையோடு போனவர் ஷியாவ் ஷுன்சி. அவர் லியாங் பேரரசர் ஷியாவ் யானின் தந்தை. தன் பக்கத்தை விளக்க இளவரசர் கெஞ்சியும் கேளாமல், ஷுன்சி அவரை அம்பெய்யும் மண்டபத்தில் கழுத்தை நெரித்துக் கொன்றார் என்கிறது 'தென் வம்சங்களின் வரலாறு'. ஸிஷியனிடம் ஷுன்சி படையுடன் வருகிறார், இளவரசர் வெள்ளை உடையில் சரணடைகிறார், மரணம் வழங்கப்படுகிறது. வழங்கியது யார், எப்படி? வாக்கியத்தில் எழுவாய் இல்லை. ஆனால் உடனே இன்னொன்றை எழுதுகிறார்: பின்னொரு நாள் ஹுவாலின் பூங்காவில் குட்டியோடு தாவிக் கத்தும் வானரத்தைக் கண்ட தந்தை ஸே, நெடுநேரம் அதையே பார்த்து நின்று விம்மி அழுதார். கொன்றவரின் பெயரை மறைத்தவர் கண்ணீரை ஏன் விட்டுவைத்தார்? மூடிய கதவில் சாவித்துவாரத்தை அடைக்காமல் போன மாதிரி இருக்கிறது.

இது கோழைத்தனமா என்று கேட்பவர்கள், அதே அரசவையில் வூ ஜுன் என்பவருக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். அவரும் ச்சி வரலாறு எழுத விரும்பி அரசவை நாட்குறிப்புகளைக் கேட்டார். மறுக்கப்பட்டது. தனியாக எழுதிச் சமர்ப்பித்தார். அதில் ஷியாவ் யான், முன்னர் லுவானின் ஆட்சிக் கைப்பற்றலுக்குத் துணைநின்றவர் என்று இருந்தது. உண்மைதான். உண்மையாயிருந்ததே பேரரசருக்குப் பிடிக்கவில்லை. பிழைகள் மலிந்தது என்று குற்றஞ்சாட்டி, பல பத்துக் கேள்விகளால் துளைத்து, நூலை எரிக்கச் செய்து, ஆளையும் பதவி நீக்கினார். அதே பேரரசர், ஸிஷியன் குடும்பத்தை உட்காரவைத்து ஒருமுறை விளக்கம் சொன்னதாக லியாங் வரலாறு பதிந்திருக்கிறது: நான் உங்கள் வீட்டின் ஆட்சியைப் பறிக்கவில்லை, உங்களைக் கொன்ற லுவான் வீட்டின் ஆட்சியைத்தான் பறித்தேன்; உங்களுக்காகவும் பழிவாங்கினேன்; எனக்கு விசுவாசமாயிருங்கள். விரும்பியிருந்தால் உங்களையும் முடித்திருக்கலாம் என்பதும் அந்தப் பேச்சிலேயே இருந்தது. பதினாறு சகோதரர்கள் லியாங்கிற்குப் பணிசெய்தார்கள். கிளர்ச்சிக்குப் பெயராகிப்போன ஸிகே, எழுத்தும் வரலாறும் தம்பிமார் பார்த்துக்கொள்வார்கள், அலுவலகம் போய் வந்து குற்றம் இல்லாமலிருந்தால் எனக்குப் போதும் என்பாராம். தான் எழுதியவற்றையும் எறிந்துவிட்டார்.

ஸிஷியன் எறியவில்லை. அனுமதி கேட்டு எழுதினார், சமர்ப்பித்தார், நூல் அரண்மனை நூலகத்தில் வைக்கப்பட்டது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது. பேரரசர் தன் பெயரில் 'முழு வரலாறு' ஒன்றைத் தொகுப்பித்துக்கொண்டிருந்தார். அது முடிந்தால் மற்ற வரலாறுகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஸிஷியனிடமே சொன்னார். வரலாற்றாசிரியர் ஒருவரிடம்! ஸிஷியன், கன்பூசியஸ் பழைய நூல்களை ஒதுக்கிவைத்தது போன்ற புனிதச் செயல் இது என்று பதில் சொன்னார். பேரரசரின் வேத விளக்கங்களைக் கற்பிக்க ஆசிரியரும் பத்து மாணவரும் நியமிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தவரும் அவரே. படிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த 'முழு வரலாறு' இன்று இல்லை.

ஆனால் அவர் எல்லோரிடமும் குனிந்தவரல்ல. எட்டடி உயரம் என்று அக்கால அளவில் சொல்லப்பட்ட அழகர். அதிகாரிகளை நியமிக்கும் திணைக்களத்தின் அமைச்சராயிருந்தபோது, பதவி தேடி வந்த பெருங்குடி மக்களிடம் வாய் திறப்பதில்லை. கையிலிருந்த விசிறியை ஒருமுறை அசைப்பார், அவ்வளவுதான். 537இல் வூஷிங் ஆளுநராகப் போய்ச் சேர்ந்து சில காலத்தில் இறந்தார். அடக்கத்தின்போது குடும்பத்தார் மறைவுக்குப் பின்னான கௌரவப் பெயர் கேட்டார்கள். திறமையை நம்பிப் பிறரை இகழ்ந்தவர் என்று காரணம் காட்டிப் பேரரசர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த பெயர் 'செருக்கர்'.

அவரது தன்வரலாற்றுக் குறிப்பின் ஒரு பகுதி லியாங் வரலாற்றில் இருக்கிறது. இளவேனிற் காலை, இலையுதிர்கால நிலவு, பறவைகளின் வரவு, உதிரும் இலை, இவையெல்லாம் தன்னை எழுதத் தூண்டுவதைப் பற்றியும், எழுத்தை வலிந்து இழுக்காமல் தானே வரும்வரை காத்திருப்பதைப் பற்றியும் அதில் பேசுகிறார். அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லில்லை. ச்சி வரலாற்றின் அறுபது சுருள்களில் தொலைந்துபோன ஒன்று, ஆசிரியர் தன்னைப் பற்றியும் தன் நூலைப் பற்றியும் சொல்லும் முன்னுரைச் சுருள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.